அக்கி என்கிற பழைய பாக்கி!

சின்ன வயசில் உங்களுக்கு அம்மை போட்டிருக்கிறதா?

கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்கள். வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து, ஸ்கூலுக்கு லீவு, பக்கத்து வீட்டுப் பசங்களுக்கு உள்ளே வரத் தடை, வேளாவேளைக்கு இளநீர். கடைசியில் ஒரு நாள் மஞ்சள் தண்ணீரைத் தலைக்கு ஊற்றி, ‘ஆத்தா இறங்கிட்டா’ என்று பாட்டி கன்னத்தில் போட்டுக்கொள்வாள். அதோடு சரி, கதை முடிந்தது என்றுதான் எல்லா வீட்டிலும் நினைக்கிறார்கள்.

ஆத்தா இறங்கினது வாஸ்தவம்தான். ஆனால், கூட வந்த ஆசாமி இன்னும் வீட்டைக் காலி பண்ணவில்லை!

சின்னம்மையைக் கொண்டுவரும் வைரஸின் பெயர் வேரிசெல்லா ஜோஸ்டர். கொப்புளம் காய்ந்து உதிர்ந்ததும் அது செத்துப் போவதில்லை. நரம்பு வழியாகவே உள்ளே போய், முதுகெலும்பை ஒட்டி நரம்புகள் கிளம்புகிற முடிச்சுகளில் குடித்தனம் வைத்துவிடுகிறது. சத்தம் இல்லை, வாடகை இல்லை, வருஷக்கணக்கில் ஆள் இருப்பதே தெரியாது. வயசாகி உடம்பின் எதிர்ப்பு சக்தி அசந்துபோகிற நேரம் பார்த்து, ஏதாவது ஒரு நரம்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி தோலுக்கு வருகிறது. அப்போது அதற்குப் பெயர் அம்மை இல்லை... அக்கி.

நான் பி.காம். எங்கள் பாஷையில் இதை ‘கன்டின்ஜென்ட் லயபிளிட்டி’ என்போம். பேலன்ஸ் ஷீட்டின் மேல்பாகத்தில் இருக்காது. கீழே, பொடி எழுத்தில் குறிப்பாக உட்கார்ந்திருக்கும். என்றைக்காவது ஒரு நாள் வந்து விழும். விழும்போது மொத்தமாக விழும்.

எங்கள் வீட்டில் அது விழுந்த இடம் ஏற்காடு.

நீங்கள் ஏற்காட்டுக்குப் போயிருப்பீர்கள். சேலத்திலிருந்து பைக்கில் இருபது ஹேர்பின் வளைவையும் ஒரே மூச்சில் ஏறி, லேடீஸ் சீட்டில் நின்று போட்டோ எடுத்து, ஏரியில் ஒரு ரவுண்டு படகு விட்டு, மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுச் சாயந்திரம் இறங்கியிருப்பீர்கள். என் பெரியப்பா இறங்கவே இல்லை. ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராகச் சேர்ந்து (கதை எழுதுகிற ரைட்டர் இல்லை, செக்ரோல் எழுதுகிற ரைட்டர்), ரிடையர் ஆகி, 74 வயசில் அங்கேயே இருக்கிறார். 1820-ல் சேலம் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபிச் செடியைக் கொண்டுவந்தது முதல், 1986-ல் என் அப்பா தன்னிடம் முந்நூறு ரூபாய் கைமாற்று வாங்கியதுவரை அவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்.

போன தை மாதம் இடது நெஞ்சுக்குக் கீழே திகுதிகுவென்று எரிகிறது என்றார். ஹார்ட் என்று பயந்து ஈ.சி.ஜி. எடுத்தார்கள். நார்மல். ‘கேஸ்’ என்று பெரியம்மா இஞ்சிக் கஷாயம் போட்டாள். மூன்றாம் நாள் விலாவில் சிவப்பாகத் தடித்து, முத்து முத்தாகக் கொப்புளம். ‘அட, அக்கி! இதுக்கெதுக்கு டாக்டர்?’ என்று நாலாம் நாள் பஸ்ஸைப் பிடித்து, இருபது வளைவும் இறங்கி, அடிவாரத்தைத் தாண்டி ஒரு கிராமத்தில் மண்பானை செய்கிறவர் வீட்டுக்குப் போய் அக்கி எழுதிக்கொண்டு வந்துவிட்டார்.

பட்டணத்திலேயே வளர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை: அக்கிக்கு மருந்து போடுவதில்லை, ‘எழுதுவது’தான் நம் ஊர் வழக்கம். குயவர் வீட்டில் காவியைத் தண்ணீரில் குழைத்துக் கோழி இறகால் கொப்புளத்தைச் சுற்றித் தடவுவார்கள். சிலர் சிங்கம் வரைவார்கள். சிங்கத்தைப் பார்த்து அக்கி ஓடிவிடும் என்று ஐதீகம். தடவினதும் சில்லென்று இருக்கும், எரிச்சல் கொஞ்சம் அடங்கும். அதை இல்லையென்று சொல்ல முடியாது. கொப்புளம் எப்படியும் இரண்டு வாரத்திலிருந்து நாலு வாரத்துக்குள் தானாகவே காய்ந்துவிடுகிற சமாசாரம். அதனால் சிங்கத்துக்குப் பெயர் கெடுவதே இல்லை!

கூடவே ஒரு பயமுறுத்தல் உண்டு. அக்கி உடம்பைச் சுற்றி வந்து தலையும் வாலும் சேர்ந்துவிட்டால் ஆள் காலி என்பார்கள். பெரியம்மா தினம் காலையில் டார்ச் அடித்து, ‘இன்னும் எத்தனை விரற்கடை பாக்கி’ என்று அளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அது அநேகமாகச் சேரவே சேராது. முதுகெலும்பிலிருந்து நரம்புகள் ஜோடி ஜோடியாகக் கிளம்புகின்றன, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. வைரஸ் விழித்துக்கொள்வது பெரும்பாலும் ஏதோ ஒரு முடிச்சில். அந்த நரம்பு எந்தத் தோலுக்குப் போகிறதோ அங்கே மட்டும் கொப்புளம். அதனால்தான் பாதி பெல்ட் மாதிரி முதுகில் ஆரம்பித்து நெஞ்சு நடுவில் வந்து கோடு போட்டாற்போல் நின்றுவிடுகிறது. ஜோஸ்டர் என்றால் கிரேக்கத்தில் பெல்ட் என்றே அர்த்தம்.

விஷயம் தோலில் இல்லை, நரம்பில். இது புரியாததால்தான் அக்கி வந்தவர்கள் நேரத்தைக் கோட்டை விடுகிறார்கள். கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸை அடக்குகிற மாத்திரையை ஆரம்பித்தால் நல்ல பலன். அசைக்ளோவிர் என்கிற அந்த மருந்து எந்த மெடிக்கல் ஷாப்பிலும் இருக்கிறது, பெரிய விலையும் இல்லை. அதைக் கொண்டுவந்த குழுவை நடத்திய ஜெர்ட்ரூட் எலியன் அம்மாள் பிஎச்.டி. முடிக்காமலேயே 1988-ல் நோபல் பரிசு வாங்கியவர். பெரியப்பா டாக்டரிடம் போய்ச் சேர்ந்தது கொப்புளம் வந்த ஆறாம் நாள். கையில் காவி காயாத சிங்கத்தோடு!

கொப்புளம் மூன்றே வாரத்தில் போய்விட்டது. வலி போகவில்லை. அக்கி வந்தவர்களில் பத்துக்கு ஒருவருக்காவது இப்படி வலி மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் தங்கிவிடுகிறது. அடிபட்ட வலி மாதிரி இல்லை அது. சட்டை உரசினால் நெருப்பு. ஃபேன் காற்று பட்டால் ஊசி. மலைமேல் மார்கழிக் குளிரில், மனுஷர் சட்டைக்குள் வாழை இலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ‘ஏண்டா, தோல்ல ஒண்ணுமே இல்லியே, எங்கேடா வலிக்குது?’ என்று என்னைக் கேட்கிறார். வலிப்பது தோல் இல்லை பெரியப்பா, தோலிலிருந்து சேதி சொல்லுகிற ஒயர்.

வயசானவர் வியாதிதானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 2022 ஜூனில் பாடகர் ஜஸ்டின் பீபர் பாதி முகம் அசையாமல் வீடியோவில் வந்தாரே, ஞாபகமிருக்கிறதா? அவருக்கு அப்போது 28. அதே வைரஸ் காதுப் பக்கத்து நரம்பில் கிளம்பினால் வருகிற கோளாறு அது. கண் நரம்பில் வந்தால் பார்வைக்கே ஆபத்து. அக்கி வந்த சில வாரங்களுக்குப் பக்கவாதம் வருகிற வாய்ப்பும் சற்றுக் கூடுகிறது.

அம்மையும் அக்கியும் ஒரே ஆசாமி என்பதற்கு ஆள் வைத்துத் துப்பறிந்தவர் ஒரு கிராமத்து டாக்டர். இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற சின்ன ஊர், எட்கர் ஹோப் சிம்ப்ஸன் என்று பெயர். தன்னிடம் வருகிற மூவாயிரத்து ஐந்நூறு சொச்சம் பேருக்கு 1947-லிருந்து 16 வருஷம் கணக்கு எழுதி வைத்தார். யாருக்கு எப்போது அக்கி வந்தது, எந்த வயசில் வந்தது என்று எங்கள் பெரியப்பா செக்ரோல் எழுதின மாதிரி எழுதினார். வெளியாள் அதிகம் வராத ஷெட்லாண்ட் தீவு ஒன்றுக்கும் போய், அங்கே சின்னம்மை எங்கிருந்து முளைக்கிறது என்று வீடு வீடாக விசாரித்தார். அக்கிக் கொப்புளத்திலிருந்து, அம்மையே வராத குழந்தைக்குச் சின்னம்மை ஒட்டும் என்பது சேர்வராயன் மலைக் குடிசைக்கும் பொருந்தும். எனவே அக்கி வந்த தாத்தா, கைக்குழந்தையைக் கொஞ்சுவதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுவது உத்தமம். அந்த வைரஸ் பழைய அம்மையின் மிச்சம்தான், உள்ளேயே தூங்கி எழுகிறது என்று 1965-ல் அவர் எழுதினார். அவர் சொன்னதே பின்னால் உறுதியானது.

சரி, உள்ளே தூங்குகிறவனை அப்படியே தூங்கவைக்க முடியாதா? அதற்குத்தான் தடுப்பூசி. முதலில் அமெரிக்காவில் 2006-ல் ஜோஸ்டாவாக்ஸ் வந்தது. பலமிழந்த உயிருள்ள வைரஸ். சுமாரான பாதுகாப்பு, அதுவும் வருஷத்துக்கு வருஷம் கரையும். அடுத்தது 2017-ல் வந்த ஷிங்ரிக்ஸ். இதில் உயிருள்ள வைரஸ் இல்லை. அதன் மேலுறையில் இருக்கிற ஒரே ஒரு புரதமும், உடம்பைத் தட்டி எழுப்புகிற ஒரு கலவையும்தான். (சிலி தேசத்து மரம் ஒன்றின் பட்டையிலிருந்து எடுத்த சரக்கும் அந்தக் கலவையில் உண்டு. மூலிகைப் பிரியர்கள் சந்தோஷப்படலாம்.) 50 தாண்டியவர்களிடம் நடந்த பெரிய சோதனையில் 97 சதவீதம் அக்கியைத் தடுத்தது. பதினோரு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் 80 சதவீதம் அளவுக்கு நின்றது. 2023 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்துவிட்டது.

இதுவரை சொன்னது வலிக் கதை. இனிமேல்தான் மூளைக் கதை.

2013 செப்டம்பர் 1-ம் தேதி, பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் வயசானவர்களுக்கு இலவசமாக அக்கி ஊசி போட ஆரம்பித்தார்கள். ஜோஸ்டாவாக்ஸ்தான். சரக்குக் குறைச்சல், 80 தாண்டினவர்களுக்குப் பலனும் குறைச்சல் என்று கணக்குப் போட்டு ஒரு கோடு கிழித்தார்கள். 1933 செப்டம்பர் 2-ம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்திருந்தால் ஊசி உண்டு. செப்டம்பர் 1 பிறந்திருந்தால்? ஆயுசுக்கும் கிடையாது!

கட்-ஆஃப் தேதியின் கொடுமை நம் ஆபீஸ்காரர்களுக்குப் புரியாதா என்ன? தமிழக அரசு வேலையில் 2003 மார்ச் 31-ம் தேதி சேர்ந்தவர் பழைய பென்ஷன்காரர். மறுநாள் ஏப்ரல் 1-ம் தேதி சேர்ந்தவர் புதுத் திட்டத்துக்காரர். ஒரே ஆர்டர், ஒரே பேட்ச், ஒரே டீக்கடை. நடுவில் ஒரு ராத்திரி. இதில் வயிற்றெரிச்சலைத் தவிர்த்து ஓர் ஆராய்ச்சியும் இருக்கிறது. இரண்டு பேருக்கும் வேறு எந்த வித்தியாசமும் இல்லாததால், பின்னாளில் அவர்கள் வாழ்க்கையில் தெரிகிற வித்தியாசம் அந்த ஒரு தேதியால்தான் என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பாஸ்கல் கெல்ட்செட்ஸரும் அவர் குழுவும் வேல்ஸில் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். சாதாரணமாக ஊசி போட்டவர், போடாதவர் என்று ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். காசு கொடுத்துத் தேடிப் போய் ஊசி போட்டுக்கொள்கிற ஆள், காலையில் வாக்கிங் போவார், சுகர் செக் பண்ணுவார், உப்பைக் குறைப்பார். நன்மை ஊசியாலா, வாக்கிங்காலா? தெரியாது. ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வாரம், அந்தப் பக்கம் ஒரு வாரம் பிறந்த கிழவர்கள் எல்லா விதத்திலும் ஒன்றுதான். ஒரு பக்கத்தில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் ஊசி போட்டிருந்தார்கள், மறுபக்கத்தில் அநேகமாக யாருமே இல்லை. 2 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்களின் மருத்துவக் குறிப்புகளை எடுத்து, ஏழு வருஷத்துக்கு யாருக்கெல்லாம் டிமென்ஷியா வந்தது என்று பார்த்தார்கள். நம் வீடுகளில் ‘வயசாச்சு, புத்தி பேதலிச்சுப் போச்சு’ என்கிறோமே, அந்த மறதி நோய்.

ஊசி போட்டவர்களுக்கு அது ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 2025 ஏப்ரலில் ‘நேச்சர்’ பத்திரிகையில் வந்தது.

இருபது சதவீதம் என்றதும் எனக்குள் இருக்கிற பி.காம். விழித்துக்கொண்டது. தள்ளுபடி விற்பனையில் ‘எதில் இருபது?’ என்று கேட்கவேண்டும் இல்லையா? நூறு பேருக்கு ஊசி போட்டால் ஏழு வருஷத்தில் மூன்றரை பேருக்கு டிமென்ஷியா வராமல் போகிறது. அதாவது சுமார் 29 பேருக்கு ஒருவர். எண்பது வயசு வேல்ஸ்காரர்கள் கணக்கு இது. உங்கள் தெருவுக்கு அப்படியே பொருந்தும் என்று சத்தியம் செய்ய முடியாது. பெண்களுக்கு நன்மை அதிகமாகத் தெரிந்தது. ஆஸ்திரேலியாவிலும் இதே மாதிரி பிறந்த தேதிக் கோட்டை வைத்துப் பார்த்தார்கள், தராசு அங்கேயும் அதே பக்கம் சாய்ந்தது. இந்த இரண்டும் பழைய ஊசியை வைத்து. புது ஊசியை ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்கள் அமெரிக்கப் பதிவுகளில் 2024-ல் பார்த்தார்கள்: பழைய ஊசி போட்டவர்களைவிட, பின்னாளில் டிமென்ஷியா வந்தவர்களுக்கு அது வருவது சராசரியாக 164 நாள் தள்ளிப்போயிருந்தது.

ஏன் இப்படி? வைரஸ் உள்ளே அடிக்கடி புரண்டு படுப்பதால் நரம்பு மண்டலத்தில் ஏற்படுகிற அழற்சி, ஊசியால் குறைகிறது என்கிறது ஒரு கட்சி. வைரஸைப் பற்றியே இல்லை, ஊசி உடம்பின் எதிர்ப்பு சக்தியையே பொதுவாகத் திருத்தி வைக்கிறது என்கிறது இன்னொரு கட்சி. ஜட்ஜ்மென்ட் இன்னும் வரவில்லை. ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்துகிற பரிசோதனை முடிந்தால்தான் கேஸ் முடியும். ஆகவே, ‘மறதிக்கு ஊசி’ என்று யாராவது உங்களிடம் விற்க வந்தால் வாங்காதீர்கள். இப்போதைக்கு அது அக்கிக்கான ஊசி. மூளைக்கான லாபம் போனஸ். கம்பெனி அறிவித்த போனஸ் இல்லை, வருகிறது என்று கேன்டீனில் நம்பகமான வட்டாரம் சொல்கிற போனஸ்.

‘இதே கணக்கை நம்ம மலைல பண்ண முடியுமாடா?’ என்றார் பெரியப்பா, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு. அவரே பதிலும் சொன்னார். எஸ்டேட்டில் பி.எஃப். ஃபாரம் நிரப்பும்போது, மலைக் கிராமங்களிலிருந்து வருகிறவர்களிடம் பிறந்த தேதி கேட்டால், ‘பெரிய மழை பெஞ்ச வருஷம்’ என்பார்களாம். மழைக்கு ஃபாரத்தில் கட்டம் ஏது? ‘நானேதான் ஜூலை 1, ஜூலை 1-னு போட்டேன். பாதி எஸ்டேட்டுக்கு ஒரே நாள்லதான் பிறந்த நாள்!’ கோடு கிழிக்கத் தேதி வேண்டும், தேதிக்குப் பதிவு வேண்டும். எழுதி வைத்த தேசத்துக்குத்தான் இந்த மாதிரி அதிர்ஷ்டம் எல்லாம் அடிக்கிறது.

நமக்கு விஷயம் வேண்டாம் என்று அர்த்தமில்லை. இந்தியாவில் 60 தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், மொத்தம் 88 லட்சம் பேர் டிமென்ஷியாவோடு இருக்கிறார்கள் என்று 2023-ல் வந்த கணக்கு சொல்கிறது. பெரியப்பாவோடு வேலை பார்த்த கண்டக்டர் (இதுவும் பஸ் இல்லை, எஸ்டேட்) அதில் ஒருவர். நாற்பது வருஷம் ஒவ்வொரு சில்வர் ஓக் மரத்தையும் பெயர் சொல்லாத குறையாகத் தெரிந்து வைத்திருந்தவர். பனி இறங்கின ஒரு சாயந்திரம், ஏரிக்கரையில் நின்றுகொண்டு பெரியப்பாவையே நிறுத்தி, ‘ஐயா, இந்த ஊருக்குப் புதுசு. கண்டக்டர் வீடு எந்தப் பக்கம்?’ என்று கேட்டிருக்கிறார். அவருக்கு அக்கி வந்ததா என்றெல்லாம் நான் விசாரிக்கவில்லை. ஒருவரை வைத்து முடிவுகட்டுகிற விஷயமும் இல்லை. ஆனால் வலியைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிற பெரியப்பா, இதைச் சொல்லிவிட்டு வெகு நேரம் பேசவில்லை.

உங்களுக்கு முப்பது வயசென்றால் உங்கள் அப்பாவுக்கு அறுபது. ஊசி அவருக்கு. ஐம்பதுக்கு மேல் போடலாம். இரண்டு டோஸ், நடுவில் இரண்டிலிருந்து ஆறு மாதம் இடைவெளி. ஏற்கெனவே அக்கி வந்தவர்களும் ஆறினபிறகு போட்டுக்கொள்ளலாம். ஏனென்றால் மறுபடியும் வரலாம். கை வலிக்கும். ஒரு நாள், இரண்டு நாள் ஜுரம், உடம்பு வலி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு இரண்டாவது டோஸுக்கு டிமிக்கி கொடுப்பவர்கள் உண்டு. கேன்ஸர் சிகிச்சை, சிறுநீரக மாற்று என்று எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் வயசு பார்க்காமல் டாக்டரிடம் கேட்கவேண்டும். விலைதான் உதைக்கிறது. நம் அரசாங்கத்தின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இது இல்லை. இரண்டு டோஸுக்குமாகச் சேர்த்து ஐந்து இலக்கத் தொகை. செல்போனுக்கு யோசிக்காமல் எடுத்து வைக்கிற அதே தொகைதான். ஆனால் ஊசியில் கேமரா கிடையாதே!

காசு புரளாதவர்களுக்கு 72 மணி நேரம் இருக்கிறது. அது கிட்டத்தட்ட இலவசம். ஒரு பக்கமாக எரிச்சல், அதே பக்கம் கொத்தாகக் கொப்புளம் என்றால் அன்றைக்கே டாக்டர். சிங்கம் எழுதியே ஆகவேண்டும் என்று பாட்டி பிடிவாதம் பிடித்தால், மாத்திரையைப் போட்டுக்கொண்டு போய் எழுதிக்கொள்ளட்டும்.

பெரியப்பாவுக்கு ஊசி போடுவதென்று முடிவாயிற்று. இரண்டு டிகிரியிலிருந்து எட்டு டிகிரிக்குள் ஃபிரிட்ஜில் இருக்கவேண்டிய மருந்து. சேலத்துக்கே இறங்கி வந்து போட்டுக்கொள்ளச் சொன்னேன். ‘ஏற்காடே ஒரு ஃபிரிட்ஜ்தானேடா’ என்று பார்த்தார். நடக்கவில்லை. அடுத்து விலையைக் கேட்டார். இரண்டு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார்.

‘முதல் ஊசி என் பையன் கணக்கு. ரெண்டாவது உன் கணக்கு. 1986-ல உங்கப்பன் வாங்கின முந்நூறு ரூபாய்க்கு வட்டி போட்டுப் பாரு, சரியா வரும்.’

போட்டுப் பார்த்தேன். பத்து சதவீதக் கூட்டு வட்டியில் 39 வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் வருகிறது.